வெள்ளை வாரத்தின் கடைசி நாள்

கோயில் வாசலில் இரண்டு ஈட்டிகள் குறுக்கே விழுந்தன. புரோர்டா நின்றான்.

"உள்ள என்ன வேலை?" என்றான் காவல்காரன். "எசமானோட சாகத் துப்பில்ல. இப்பப் பொணம் பார்க்க வந்துட்டியா?"

புரோர்டா பல்லைக் கடித்துக்கொண்டான். வாயைத் திறந்தால் கை பேசும் என்று அவனுக்குத் தெரியும்.

வெர்லிங் மக்களின் மன்னன் தில்ரெட் படுக்கையில் குத்துப்பட்டுச் செத்தபோது, அவருடைய மெய்க்காவலன் புரோர்டா ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தான். வேலி தாண்டிய குதிரைகளைத் தேடச் சொல்லி இளவரசன் ஓஸ்லாஃப் அனுப்பியிருந்தான். எந்தக் குதிரையும் வேலி தாண்டவில்லை. மன்னன் விழும் இடத்தில் மெய்க்காவலனும் விழ வேண்டும். விழாதவனுக்கு மண்டபத்தில் இருக்கை கிடையாது, கோப்பை கிடையாது. அவன்மேல் துப்புவதற்கு யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

"அண்ணாச்சி," என்றான் பின்னால் நின்ற கடோக், காவல்காரனிடம். "அவரு செத்திருந்தா இந்நேரம் உள்ளதான் படுத்திருப்பாரு. நீங்களே தூக்கிக் கொண்டுபோய் வச்சிருப்பீங்க. நடந்து போறேங்கிறாரு, உங்களுக்கு வேலை மிச்சம். அதுக்கா கோவிச்சுக்கிறீங்க?"

கடோக் பிரித்தானியன். சந்தையில் அடிமையாக நின்றவன். புரோர்டா அவனை வாங்கி, விடுதலை கொடுத்து, போகச் சொல்லிப் பார்த்தான். அவன் போகவில்லை. வெர்லிங்குகளைக் கேலி செய்வதற்கு வேறு ஊரில் இவ்வளவு வசதி கிடைக்காது என்பது அவன் கட்சி.

உள்ளேயிருந்து பாதிரியார் ரெமியின் குரல் வந்தது. "விடுங்க அவனை. சீக்கிரம் பார்த்துட்டுப் போயிரட்டும்."

ஈட்டிகள் விலகின. ஒருவன் துப்பினான். அது புரோர்டாவின் செருப்பில் விழுந்தது.

மரக்கோயில் சில்லென்று இருந்தது. ரெமி தணல் எடுக்கப் பின்கதவால் போய்விட்டார். நடுவில் பலகை. பலகைமேல் தில்ரெட். கழுத்திலிருந்து கால்வரை வெள்ளை உடை. நெற்றியில் வெள்ளைப் பட்டை.

ஞானஸ்நானம் வாங்கிய அன்று நெற்றியில் புனித எண்ணெய் பூசுவார்கள். அது அழியாமல் துணிப்பட்டை கட்டுவார்கள். அதிலிருந்து ஒரு வாரம் வெள்ளை வாரம், வெள்ளை உடைதான்; அது முடியும்வரை குளிக்கக் கூடாது, பட்டையை யாரும் தொடக் கூடாது. கடைசி நாள் உச்சிவேளையில் பாதிரியாரே அவிழ்த்து நெருப்பில் போடுவார். இன்று கடைசி நாள். முதலில் பட்டை எரியும். அடுத்து மன்னனுக்கு அடக்கம். அடுத்து ஹேத்தாவுக்குத் தூக்கு.

ஹேத்தா மன்னனின் தங்கை மகன். அவனுடைய குத்துவாள்தான் படுக்கைக்கடியில் கிடந்தது. காணாமல் போன வாள் அது என்று அவன் சொன்னதை யாரும் கேட்கவில்லை. புதிய சாமி வேண்டாம் என்று மாமனிடம் கத்தியவன் அவன். அப்படிக் கத்தியும், ஞானஸ்நான விருந்தில் மாமன் எழுந்து நின்று சொன்னார்: எனக்குப் பிறகு இந்த இருக்கை என் தங்கை மகனுக்கு. அதுவரை காத்திருக்கப் பொறுக்காமல் குத்திவிட்டான் என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சைக் கிளப்பியவன் ஓஸ்லாஃப், மன்னனின் சொந்த மகன்.

புரோர்டா பலகைக்குத் தலைமாட்டில் நின்றான். இருபது வருடம் இந்தத் தலைக்குப் பின்னால் நின்றவன். எவ்வளவு பெரிய தலை. இப்போது யாரோ அதைச் சுருக்கிவிட்டதுபோல இருந்தது. அவனுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்த தாடை வலித்தது.

"எசமான்," என்றான் கடோக் மெதுவாக. "உங்க மன்னருக்குத் தலைக்கவசம் அடிக்கக் கொல்லன் ஒரு தொட்டியைக் கேட்டான்னு சொல்லுவாங்களே."

"வாயை மூடுடா."

"மூடுறேன். ஆனா இந்தப் பட்டை எட்டவே மாட்டேங்குதே."

புரோர்டா குனிந்தான். பட்டையின் இரு நுனிகளும் தலைக்குப் பின்னால் எப்படியோ சந்தித்திருந்தன. முடிச்சுக்குப் பிறகு துணி மிச்சமே இல்லை. காதுக்கு மேல் துணியில் ஒரு சுருக்கம். ஈரத்திலும் வேர்வையிலும் இரவும் பகலும் அழுந்தி விழுந்த தடம்.

"இது முடிச்சு விழுந்த தடம்," என்றான் புரோர்டா.

"முடிச்சு பின்னாலதானே இருக்கு?"

"இப்ப பின்னால. முன்னாடி இங்க இருந்திருக்கு. இந்தத் துணியை வேற ஒரு தலையில கட்டியிருந்தாங்க. சின்னத் தலை."

கடோக் விரலை நீட்டினான். புரோர்டா அவன் கையைத் தட்டிவிட்டான்.

"அன்னிக்கு ஞானஸ்நானம் வாங்கினது எத்தனை பேரு?" என்றான் கடோக்.

"அப்பனும் மகனும். மத்தவங்களுக்கு வர்ற வாரம்."

"ஹேத்தாவுக்குப் பட்டையே கிடையாது."

"கிடையாது."

வெளியே குதிரைக் குளம்பொலி கேட்டது. புரோர்டாவின் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே வாள் இல்லை. உயிரோடு திரும்பிய அன்றே பிடுங்கியிருந்தார்கள்.

இருவரும் வெளியே வந்தார்கள். ஓஸ்லாஃப் வெள்ளை உடையில் குதிரைமேல் வந்துகொண்டிருந்தான். நெற்றியில் பட்டை. கதவுக்கு இடப்பக்கம் வேலியில் ஓர் அண்டங்காக்கை உட்கார்ந்து ஒரு முறை கத்தியது. ஓஸ்லாஃப் கடிவாளத்தை இழுத்தான். முகம் வெளுத்துவிட்டது. குதிரையை முழுவட்டம் திருப்பினான். இறங்கினான். இடது செருப்பைக் கழற்றி அதற்குள் துப்பி மறுபடி மாட்டிக்கொண்டான். பிறகுதான் நடந்து வந்தான்.

"என்ன, மெய்க்காவலரே," என்றான். "யாரைக் காக்கிறீங்க? இனி அவரை யாரும் குத்த மாட்டாங்க."

"நீ தேடச் சொல்லி அனுப்பின குதிரைங்க கிடைச்சுதான்னு கேட்கவே இல்லையே."

"கிடைச்சுதா?"

"எல்லாம் லாயத்துலயே நின்னுச்சு."

"நல்லதாப் போச்சு." ஓஸ்லாஃப் சிரித்தான். "நாளைக்கு எனக்கும் ராணிக்கும் கல்யாணம். நீ வரவேண்டாம். சாப்பாட்டுல துப்பிருவாங்க, மத்தவங்களுக்குச் சங்கடம்."

ராணி அவன் அப்பனின் இரண்டாவது மனைவி, வடக்கு மன்னனின் மகள், அவனைவிட இளையவள். அப்பன் விட்டுப்போன மனைவியை மகன் கட்டிக்கொண்டால் இருக்கையும் அவனுக்கு, வடக்கத்திப் படையும் அவனுக்கு. பழைய வழக்கம் அது. அப்படிக் கட்டுவது பாவம் என்று பாதிரியார் ரெமி இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் முறை சொல்ல அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

ஓஸ்லாஃப் திரும்பி நடந்தான். முடிக்கு அடியில் செருகியிருந்த பட்டை நுனிகள் நழுவி முதுகில் தொங்கின.

"குதிரைக்குத்தான் வால் இருக்கும்னு நெனச்சேன்," என்றான் கடோக். "இவருக்கும் இருக்கு. நல்ல நீளம்."

புரோர்டா ஓர் அடி முன்னால் வைத்தான். கடோக் அவன் இடுப்புவாரைப் பிடித்துக்கொண்டான்.

"இப்பப் பாய்ஞ்சீங்கன்னா ஈட்டியில நீங்க தொங்குவீங்க, மரத்துல ஹேத்தா தொங்குவான். அவரு மட்டும் நல்லா இருப்பாரு. அதுவா வேணும்?"

"விடு."

"விட்டா?"

"தறிக்கொட்டகைக்குப் போகணும். பட்டையை நெய்தவ அங்கதான இருக்கா."

மன்னனின் தங்கை ஹில்டித்தைத் தறிக்கொட்டகையில் அடைத்து வைத்திருந்தார்கள். கொலைகாரனின் தாய் என்று அண்ணனின் உடலைப் பார்க்கக்கூட விடவில்லை. ராணியின் பெண்கள்தான் குளிப்பாட்டி உடுத்தியிருந்தார்கள்.

அவள் தறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாவு நூல் முழுவதும் அறுந்து கிடந்தது. அவளே அறுத்திருந்தாள்.

"என்ன சொல்ல வந்தே?" என்றாள். "உன் புள்ளைக்கு நானே கயிறு முறுக்கித் தர்றேன்னா?"

"ரெண்டு பட்டையும் நீங்க நெய்ததா, அம்மா?"

"வேற யாரு? கூடப்பொறந்தவன் பட்டையைக் கூடப்பொறந்தவதான் நெய்யணும். அந்த ஓஸ்லாஃபுக்கு அம்மா இல்ல, அத்தை நான்தானே. அவனுக்கும் நெய்தேன்."

"உங்க அண்ணனோட பட்டையில ஏதாவது அடையாளம் உண்டா?"

அவள் ஊடை நூலை அடித்து இறுக்கும் நெசவு வாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொன்னா பாதிரியார் எரிப்பாரு."

"எப்படியும் எரிக்கத்தான் போறாரு."

"எங்கம்மா பழைய சாமி கும்பிட்டுச் செத்தவ. அண்ணன் போற மோட்சத்துல அவ இருக்க மாட்டாளாம். அந்தப் பாதிரி சிரிச்சுக்கிட்டே சொல்றான். அண்ணன் அங்க தனியா என்ன பண்ணுவான்? எங்கம்மா முடி கொஞ்சம் எங்கிட்ட இருந்துச்சு. ஓரத்தை மடிச்சு உள்ள வச்சுத் தச்சேன். போதுமா?"

"ஓஸ்லாஃப் பட்டையில?"

"நூலுதான்," என்றாள் ஹில்டித். வேகமாகச் சொன்னாள். நெசவு வாளைப் பார்த்துச் சொன்னாள்.

குத்தியவன் ஓஸ்லாஃப் என்று, நடந்ததை ஊகித்துச் சொன்னான் புரோர்டா. கைகலப்பில் மன்னன், மகனின் பட்டையைப் பிடித்து இழுத்திருப்பார். மன்னனின் பட்டையும் அவிழ்ந்திருக்கும். இருட்டு. இரண்டும் ஒரே வெள்ளை. ஓஸ்லாஃப் தடவி எடுத்தது அப்பனுடையது. விட்டுப்போனது தன்னுடையது. ராணியின் பெண்கள் கிடந்ததை அலசிப் பிணத்துக்குக் கட்டிவிட்டார்கள்.

ஹில்டித் எழுந்தாள். நெசவு வாள் தரையில் விழுந்தது.

"அப்போ அண்ணன் தலையில இருக்கிறது..."

"ஓஸ்லாஃபுடையது."

அவள் முகத்தில் ரத்தம் வற்றியது. அது கோபம் என்று புரோர்டா எடுத்துக்கொண்டான்.

"என்னை அங்க கூட்டிட்டுப் போ," என்றாள்.

கொட்டகைக் காவலனிடம், ஊர்ப் பெரியவர் ஹெம்மா கூப்பிடுகிறார் என்று கடோக் கூசாமல் பொய் சொன்னான். வழியில் அவன் கேட்டான். "எசமான், அந்த முடியை வெளிய எடுத்தா ஜெயிச்சிரலாம்னு நெனைக்கிறீங்களா? பாட்டி முடிதானே. அத்தை எனக்கும் தச்சாங்கன்னு அவரு சொல்லுவாரு. இந்தம்மா மறுத்துச் சொன்னா, புள்ளைக்காகப் பேசுறாங்கன்னு உங்க பெரியவங்க சொல்லுவாங்க. தடத்தைக் காட்டினா, துணி சுருங்கிப்போச்சும்பாங்க."

"தெரியும்."

"அப்புறம்?"

"அவன் காக்கைக்குப் பயந்ததைப் பார்த்தேல்ல?"

"பார்த்தேன்."

"அது போதும்."

கோயில் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஹெம்மா. ஒற்றைக் கண், ஒரு கோல், ஊரில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. சுவரோரம் கை கட்டப்பட்ட ஹேத்தா. உதடு கிழிந்திருந்தது. தாயைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டான். தணல் சட்டியைப் பாதிரியார் ஊதிக்கொண்டிருந்தார். ஓஸ்லாஃப் அவர் முன்னால் மண்டியிடப் போனான்.

"நில்லுங்க," என்றான் புரோர்டா.

முணுமுணுப்பு எழுந்தது. யாரோ "நாயை வெளிய தள்ளு" என்றார்கள். ஹெம்மா கோலை உயர்த்தினார்.

"என்னடா?"

"எசமானோட மகனை எச்சரிக்க வந்தேன். அந்தப் பட்டையைக் கழற்று, ஓஸ்லாஃப். உன் அத்தை உனக்கு நெய்த பட்டையில சூனியம் வச்சிருக்கா. செத்த விரியன் பல்லு. எங்கிட்ட ஒத்துக்கிட்டா. அது நெத்தியில பட்டவன் அழுகிச் சாவான்."

கோயிலுக்குள் கூட்டம் பிளந்தது. ஓஸ்லாஃபுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் சுவரோடு ஒட்டினார்கள். அவனுக்காக ஈட்டி பிடித்தவன்கூட நகர்ந்தான். பாதிரியார் ரெமியின் கை சட்டியிலிருந்து பின்வாங்கியது.

ஓஸ்லாஃப் மட்டும் அசையவில்லை. சிரித்தான். கையை உயர்த்திப் பட்டையை நேராக்கிக்கொண்டான்.

"அத்தைக்கு என்மேல இவ்வளவு பாசமா?" என்றான்.

"பயமா இல்லையா?" என்றார் ஹெம்மா.

"நான் கிறிஸ்துவோட ஆள். சூனியம் என்னை என்ன செய்யும்?"

"ஓஹோ," என்றான் கடோக் கதவோரத்திலிருந்து. "காலையில காக்கையைப் பார்த்துச் செருப்புல துப்பினாரே, அவரு யாரோட ஆளு? அப்பா சம்சாரத்தைக் கட்டிக்கப் பழைய சாமி, சூனியத்துக்குப் புது சாமி. ரெண்டு வீட்டுலயும் சாப்பாடா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. வாசல் காவலர்கள் அந்தத் துப்பலைப் பார்த்திருந்தார்கள், ஊருக்கும் சொல்லியிருந்தார்கள்.

புரோர்டா பலகையருகே போனான். யாரும் தடுப்பதற்குள் மன்னனின் தலையைத் தூக்கி முடிச்சை அவிழ்த்தான். பாதிரியார் ஏதோ கத்தினார். புரோர்டா பட்டையை இரு கையிலும் ஏந்தி ஓஸ்லாஃபிடம் நடந்தான்.

"சரி. நீ தைரியசாலி. ஆனாலும் சூனியப் பட்டை உனக்கு வேண்டாம். அதைக் கழற்றிட்டு இதைக் கட்டிக்கோ. இது உங்கப்பாவோடது. இதுல ஒரு கெடுதலும் இல்ல. அண்ணனுக்குத் தங்கச்சி ஆசையா நெய்தது."

ஓஸ்லாஃப் ஓர் அடி பின்னால் வைத்தான்.

"என்ன ஆச்சு? அப்பாவோட பட்டை."

"எடுத்துட்டுப் போ."

"நெத்தியில கட்டிக்க. ஒரு நிமிஷம். பெரியவங்க பார்க்கட்டும்."

புரோர்டா பட்டையை அவன் முகத்துக்கு நேரே கொண்டுபோனான். ஓஸ்லாஃப் தலையைப் பின்னுக்குச் சாய்த்தான். முதுகு தூணில் இடித்தது. இடது கை சட்டைக்குள் போய்க் கழுத்தில் தொங்கிய எதையோ இறுக்கிப் பிடித்தது. கயிறு அறுந்தது. ஓர் ஓநாய்ப் பல் தரையில் உருண்டது.

"கிட்ட கொண்டு வராதே," என்றான். அது மனிதக் குரலாகவே இல்லை. "கிட்ட கொண்டு வராதேடா அதை."

எல்லோரும் குனிந்து அந்தப் பல்லைப் பார்த்தார்கள்.

"சூனியம் இருக்கிற பட்டையை நெத்தியில வச்சுக்கிட்டுச் சிரிச்சான்," என்றான் புரோர்டா. அடக்கி அடக்கிக் குரல் கம்மிப்போயிருந்தது. "ஒண்ணுமே இல்லாத பட்டையைக் கண்டு அலறுறான். எது யாரோடதுன்னு அவனுக்குத் தெரியும். மாறினது எப்போன்னும் தெரியும். பெரியவரே, அவன் தலையில இருக்கிறதை அளந்து பாருங்க. தொட்டித் தலைக்கு நெய்த நீளம் அது. அவன் முதுகுவரைக்கும் தொங்குது."

ஹெம்மா கோலை ஊன்றி எழுந்தார். ஓஸ்லாஃபின் முதுகில் தொங்கிய நுனியை அவரே கையில் எடுத்துப் பார்த்தார். ஓரத்தைக் கத்தியால் கீறினார். நரைத்த முடி ஒரு கற்றை அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"அம்மா முடி," என்றாள் ஹில்டித்.

"பாட்டி முடி," என்றான் ஓஸ்லாஃப். ஆனால் அவன் கண் இன்னும் புரோர்டாவின் கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள்.

"கட்டுங்கடா இவனை," என்றார் ஹெம்மா. "அந்தப் பையன் கட்டை அவுத்து அதே கயித்தால கட்டுங்க."

கட்டினார்கள். காலையில் புரோர்டாவின் செருப்பில் துப்பியவன்தான் முடிச்சை இறுக்கினான். போகிறபோக்கில் புரோர்டாவைப் பார்த்துத் தலையசைத்தான். புரோர்டா திருப்பி அசைக்கவில்லை.

"எசமான்," என்றான் கடோக். "அந்தப் பாம்புப் பல்லு பிரமாதம். நானே நம்பிட்டேன். எப்படித் தோணுச்சு?"

"சூனியம்னா இங்க எல்லாரும் வைக்கிறது விரியன் பல்லுதானே. பொய் சொல்லணும்னா பெருசா சொல்லணும்."

"பொய்யில்ல," என்றாள் ஹில்டித்.

அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். புரோர்டாவின் கையிலிருந்து பட்டையைப் பிடுங்கினாள். பல்லால் ஓரத்தைக் கடித்துக் கிழித்தாள். ஊசிபோல மெல்லிய, வளைந்த ஒன்று கோயில் தரையில் விழுந்தது. மஞ்சள் நிறம்.

கடோக் தன் காலை அவசரமாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"அவன் சாகட்டும்னு வச்சேன்," என்றாள். "என் புள்ளையை அவன் பார்க்கிற பார்வை எனக்குப் பிடிக்கல. அவன் சாகல. எங்க அண்ணன் செத்தான். செத்த பிறகும் அஞ்சு நாளா என் சாபத்தைத் தலையில கட்டிக்கிட்டுக் கிடந்தான். நீங்கதான் என்னை உள்ள விடல. விட்டிருந்தா தொட்டதும் கண்டுபிடிச்சிருப்பேன்." அவள் ஹெம்மாவைப் பார்த்தாள். பாதிரியாரைப் பார்த்தாள். "ஒருத்தர்கூட விடல."

ஹெம்மாவின் ஒற்றைக் கண் தரையில் கிடந்த பல்லைப் பார்த்தது. சூனியத்துக்கு என்ன தண்டனை என்று அவருக்குத் தெரியும். கோலின் நுனியை அதன்மேல் வைத்து அழுத்தினார். சிறிய சத்தம் கேட்டது.

"எனக்கு ஒரு கண்ணுதான்," என்றார். "அதுவும் சரியாத் தெரியாது."

ஹேத்தா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு வந்து தாயின் அருகே நின்றான். புரோர்டாவைப் பார்க்கவில்லை. பழி விழுந்தபோது அவனுக்காக மண்டபத்தில், புரோர்டாவுடையது உட்பட, ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. அதை ஹேத்தா மறக்கப் போவதில்லை.

ஹில்டித் ஓஸ்லாஃபின் நெற்றியிலிருந்து நீளப் பட்டையைத் தன் கையாலேயே உருவினாள். ஹெம்மாவின் உள்ளங்கையிலிருந்த முடியை எடுத்து மடிப்புக்குள் திணித்தாள். பாதிரியார் தணல் சட்டியை நீட்டினார். எரிக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டிருந்தது.

அவள் அவரைப் பார்த்த பார்வையில் சட்டி கீழே இறங்கியது.

"தலையைப் பிடி, புரோர்டா," என்றாள்.

அவன் பிடித்தான். கனமான தலை. அவள் பட்டையைச் சுற்றி, பின்னால் கொண்டுபோய், முடிந்தாள். முடிச்சு அதன் பழைய தடத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தது.